இருபத்தாறு ஸ்டூலும் ஒரு மசோதாவும்

என் தம்பி தமிழ்வேந்தன் இப்போது யாரைப் பார்த்தாலும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் எழுதிய புரோகிராமால் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்தாறு பெண்களுக்கு உட்கார ஸ்டூல் கிடைத்ததாம். பெங்களூரில் நடந்த ஏதோ ஒரு கூட்டத்தில் மேடையேறியும் சொல்லியிருக்கிறான். கை தட்டினார்களாம். அந்த இருபத்தாறு பேரில் நானும் ஒருத்தி. அவன் சொல்வதில் ஆம்பூர் உண்மை, ஸ்டூல் உண்மை, இருபத்தாறும் உண்மை. மிச்சத்தை நான் சொல்கிறேன்.

என் பெயர் ஹெலன். பைபாஸ் பக்கம் ஒரு கம்பெனியில் பைனல் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வருகிற ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பசை வழிந்திருக்கிறதா, நூல் பிரிந்திருக்கிறதா, இடதும் வலதும் ஒரே நிறமா என்று சோதித்துப் பெட்டிக்கு அனுப்புவது என் வேலை. யாரோ ஒரு வெள்ளைக்காரியின் குதிகால் நோகக் கூடாது என்று நாள் முழுக்கக் கவலைப்படுகிற நான், காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை என் குதிகாலில் நின்றுகொண்டிருக்க வேண்டும். ஒன்பது வருஷம் நின்றேன். போன வருஷம் இடது முழங்காலுக்குக் கீழே நரம்பு நீலமாகப் புடைத்துச் சுருண்டுகொண்டது. வேலூரில் டாக்டர் பார்த்துவிட்டு, இனி நின்று செய்கிற வேலை கூடாது, மீறினால் ஆபரேஷன்தான் என்றார்.

உட்கார்ந்து செய்கிற வேலை எங்கள் கம்பெனியில் தையல் மிஷினில் மட்டும்தான் உண்டு. எனக்குத் தையல் வராது. என் சட்டைக்கு நானே பட்டன் வைத்தால் அது மறுநாள் பஸ்ஸில் விழுந்துவிடும். ஆகவே ஒன்று செக்கிங் மேசைக்கு ஒரு ஸ்டூல் வரவேண்டும், இல்லையென்றால் நான் வேலையை விடவேண்டும். தம்பி படிப்பை இன்னும் முடிக்கவில்லை. வீட்டுக்குச் சம்பளம் என்று வருவது என்னுடையது ஒன்றுதான். விட முடியாது.

எச்.ஆர். செந்தில்குமாரிடம் போய்க் கேட்டேன். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். ஆனால் தன் தலைக்கு மேலே இருப்பவர்களுக்குப் பயப்படுவதையே முழுநேர வேலையாகச் செய்பவர். எனக்கு ஸ்டூல் கொடுத்தால் மற்ற இருபத்தைந்து பேரும் கேட்பார்கள், உட்கார்ந்தால் தூக்கம் வரும், தூங்கினால் ரிஜக்ட் ஜாஸ்தியாகும் என்று விரல் விட்டு எண்ணினார். டாக்டர் சீட்டை நீட்டினேன். அதைத் தொடக்கூட இல்லை.

"சட்டத்துல எங்கனா எழுதியிருக்குதாம்மா? காட்டு. ஸ்டூல் இன்னா, சோபாவே வாங்கிப் போடறேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் அழுகையும் கூடவே வந்துவிடும். அது என் சாபக்கேடு. அன்று அழாமல் வெளியே வந்ததே பெரிய காரியம்.

தம்பி காட்பாடியில் பெரிய காலேஜில் கம்ப்யூட்டர் கடைசி வருஷம். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவனிடம் சொல்லிப் புலம்பினேன். அவன் என் காலைப் பார்ப்பதற்கு முன்னால் லேப்டாப்பைத் திறந்தான். அவனுடைய புராஜெக்டே அதுதானாம். ஏஐ ஏஜென்டுகள் பார்லிமென்ட் மசோதாக்களைத் தேடிக்கொள்வதற்கு ஒரு கீவேர்ட் சர்ச் டூல்.

ஏஜென்ட் என்றால் எனக்குத் தெரிந்தவர்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்பவர்கள்தான். ஏறக்குறைய அதேதான் என்றான் தம்பி. நாம் கேட்பதை ஏஜென்ட் வாங்கிக்கொண்டு போகும். ஆனால் அதற்கு உள்ளே போக ஒரு கவுன்டர் வேண்டுமே, அந்தக் கவுன்டரைத்தான் இவன் கட்டியிருக்கிறானாம். ஏஜென்ட் ஒரு வார்த்தையைச் சொல்லும். அந்த வார்த்தை எந்தெந்த மசோதாவில் இருக்கிறதோ அதையெல்லாம் கவுன்டர் எடுத்துக் கொடுக்கும். பெயர், வருஷம், கொண்டுவந்த எம்.பி., எந்த நிலையில் இருக்கிறது, எல்லாம் வரும். வார்த்தை இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அர்த்தமெல்லாம் அது பார்க்காது. எங்கள் ஸ்டோர் கீப்பரும் இதே ரகம்தான். கறுப்பு நூல் என்று கேட்டால் இல்லை என்பார், நாற்பதாம் நம்பர் நூல் என்று கேட்டால்தான் அதே கறுப்பு நூலை எடுத்து நீட்டுவார்.

என் போனில் அதைப் போட்டுக் கொடுத்தான். தமிழில் பேசினால் போதும், ஏஜென்ட் இங்கிலீஷில் மாற்றிக்கொள்ளும். முதலில் தோல் என்றேன். ஒன்றும் வரவில்லை. செருப்பு என்றேன். மன்னிக்கவும் என்றது. நாடெங்கிலுமிருந்து செருப்புப் போட்டுக்கொண்டு அந்தச் சபைக்குப் போகிறவர்கள் செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நாற்காலி என்றேன். பதினெட்டு வந்தது. பதினெட்டும் ஏதேதோ வாரியத் தலைவர்களின் சம்பளத்தை உயர்த்துவது பற்றி. இங்கிலீஷில் நாற்காலி சேர், தலைவர் சேர்மன், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வார்த்தையாம். நிற்பது என்றேன். நானூற்றுச் சொச்சம் வந்து கொட்டியது. ஸ்டாண்டிங் கமிட்டி என்கிற நிலைக்குழுவுக்கு அனுப்பி, அங்கேயே நிற்கிற மசோதாக்கள். என் காலைவிட மோசமான நிலையில் இத்தனை பேர் இருக்கிறார்களா என்று கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

தம்பிக்கு முகம் தொங்கிவிட்டது. டூலில் தப்பில்லை, கேட்கிற வார்த்தையில்தான் தப்பு என்றான். எல்லா ஆபீஸிலும் இதைத்தான் சொல்கிறார்கள் என்றேன். கடைசியில் உட்காருவது என்று கேட்டபோது ஒன்றே ஒன்று வந்தது. தொழிலாளர் உட்காரும் உரிமை மசோதா, 2022. வடக்கே யாரோ ஒரு எம்.பி. கொண்டுவந்தது. நின்று வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் முதலாளி இருக்கை கொடுத்தே ஆகவேண்டும் என்று மூன்றாவது பிரிவில் இருந்தது. முகம் தெரியாத அந்த எம்.பி.யை நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அக்கா, இது அறிமுகம் பண்ணதோட நிக்குது. இன்னும் சட்டம் ஆகல" என்று தம்பி சொன்னான். சொல்லவில்லை என்று நான் சொல்லமாட்டேன். சொன்னான். ஆனால் லோக்சபா வரைக்கும் போய் வந்த காகிதம் செந்தில்குமாரின் மேசைக்கு வரக் கூடாதா? ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நான்கு பக்கமும் பிரின்ட் எடுத்தேன்.

இங்கே எங்கள் கம்பெனியின் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை, ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும். தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்ப்பதற்கு. அதற்கு முந்தின ஒரு வாரம் எங்கள் கம்பெனிக்குக் கல்யாணக் களை வந்துவிடும். சுவருக்குச் சுண்ணாம்பு, தீ வாளிக்குப் புது மணல், முதலுதவிப் பெட்டிக்கு நிஜ மருந்து. சென்னை ஹெட் ஆபீஸிலிருந்து நோட்டீஸ்கள் கட்டுக்கட்டாக வரும். வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸ் பஞ்சாட்சரம் ஒவ்வொன்றிலும் வட்ட சீல் குத்தி, கேட் பக்கத்து போர்டில் ஒட்டுவார். அவரும் படிக்கமாட்டார், நாங்களும் படிக்கமாட்டோம். ஆனால் போர்டில் ஏறிவிட்டால் அது உத்தரவு. பஸ் நேரம், லீவு நாள், புது ஷிப்ட் எல்லாம் அப்படித்தான் நடைமுறைக்கு வரும். யார் போட்டது, ஏன் போட்டது என்று ஒருவரும் கேட்டதில்லை.

நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனது சரியாக அந்த வாரத்தில். செந்தில்குமார் போனில் தீயணைப்புக் கருவிக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மேசையைக் கையால் காட்டினார். வைத்துவிட்டு வந்தேன். நான் செய்தது அவ்வளவுதான், மாதா மேல் சத்தியம். மதியம் சாப்பிடப் போகும்போது பார்த்தால், நான்கு பக்கமும் வட்ட சீலோடு போர்டில் இருந்தது.

செந்தில்குமார் சாயங்காலம்தான் அதைப் பார்த்தார். ஆடிட்டுக்கு நான்கு நாள். "ஒவ்வொரு முதலாளியும்" என்று ஆரம்பிக்கிற மூன்றாவது பிரிவை அவர் படித்தபோது அவருடைய சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டதை ஜோதி பார்த்திருக்கிறாள். ஜோதி என் பக்கத்து மேசை. பஞ்சாட்சரத்தைக் கூப்பிட்டு இதை யார் கொடுத்தது என்று கேட்டாராம். உங்கள் மேசையிலிருந்துதான் எடுத்தேன் என்று பஞ்சாட்சரம் உண்மையைச் சொன்னார். போன் மும்முரத்தில் நான் வைத்துவிட்டுப் போனது செந்தில்குமாருக்கு ஞாபகமே இல்லை போல. தன் மேசையிலிருந்து வந்ததென்றால் ஹெட் ஆபீஸ் மெயிலில் அனுப்பியதைத் தான் பார்க்காமல் விட்டிருக்கவேண்டும் என்று செந்தில்குமார் முடிவு கட்டிவிட்டார். ஹெட் ஆபீஸைக் கேட்டால் பார்க்கவில்லை என்பது வெளியே தெரிந்துவிடும். அதனால் கேட்கவில்லை.

மறுநாள் காலை கல்யாண மண்டபத்திலிருந்து இருபத்தாறு பிளாஸ்டிக் நாற்காலி வந்து இறங்கியது. எங்கள் மேசை நின்று செய்வதற்குச் செய்த உயரம். நாற்காலியில் உட்கார்ந்தால் மோவாய்தான் மேசைக்கு மேலே வரும். இருபத்தாறு பெண்களும் பந்தியில் இலைக்குக் காத்திருக்கிற குழந்தைகள் மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். சூப்பர்வைசர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து வெளியே போய்விட்டார். பிறகு வெல்டிங் கடைக்கு ஆள் போய், உயரமான இரும்பு ஸ்டூல் செய்து வாங்கினார்கள். உட்காருகிற இடத்துக்குக் கட்டிங் செக்‌ஷனில் மிஞ்சிய தோலை மெத்தையாக வைத்துத் தைத்தார்கள். எனக்கு வந்ததில் நட்டநடுவில் சுண்ணாம்புக் கட்டியால் ரிஜக்ட் என்று எழுதியிருந்தது. நான் அழிக்கவில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்தேன். முதல் நாள் சாயங்காலம் பஸ்ஸில் செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். கால் வீங்கவில்லை. செருப்பு வாரின் தடம் பதியவில்லை. பஸ் கூட்டத்தில் காலைப் பார்த்து அழுதவள் நானாகத்தான் இருப்பேன். சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

ஆடிட்டுக்கு வந்தவர் ஷஹீன் பானு. வாணியம்பாடிக்காரர், சென்னையில் வேலை. நான்கு வருஷமாக அவர்தான் வருகிறார். வழக்கமாகக் கேட்டைத் தாண்டி நேராக ஆபீஸுக்குப் போகிறவர், அன்று மழைத் தூறலுக்காகப் போர்டின் கூரைக்கடியில் ஒதுங்கினார். ஒதுங்கியவர் சும்மா நிற்காமல் போர்டைப் படித்தார். அந்தப் போர்டு வைத்த நாளிலிருந்து அதை முழுசாகப் படித்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும்.

பத்தே நிமிஷத்தில் செந்தில்குமார் போர்டுக்கு ஓடி வந்தார். பெட்டிகளுக்குச் சீட்டு வாங்கக் கேட்டை ஒட்டிய டைம் ஆபீஸுக்குப் போயிருந்த நான் இரண்டடி தள்ளி மாட்டிக்கொண்டேன். ஷஹீன் பானு கோபப்படவே இல்லை. இது சட்டம் இல்லை, மசோதா என்றார். அரசாங்கம் கொண்டுவந்ததுகூட இல்லை, ஒரு தனி எம்.பி. கொண்டுவந்தது. ஒரு நாள்கூட விவாதம் நடக்கவில்லை. அந்த லோக்சபா கலைந்தபோது இதுவும் செத்துப்போய்விட்டது. செத்துப்போன மசோதாவுக்கு சீல் குத்தி ஒட்டியிருக்கிற கம்பெனியை என் சர்வீஸில் இப்போதுதான் பார்க்கிறேன் என்றார்.

செந்தில்குமார் முதலில் வெளுத்தார். பிறகு மெல்ல மெல்ல அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்ப ஸ்டூல் போடணும்னு கட்டாயம் இல்லையா மேடம்?"

இந்த மசோதாப்படி கட்டாயம் இல்லை என்றார் ஷஹீன் பானு. மேலே ஏதோ சொல்ல வந்தார். செந்தில்குமார் காத்திருக்கவில்லை. பதினொன்றரை மணிக்கெல்லாம் பஞ்சாட்சரமும் இரண்டு லோடுமேன்களும் வந்து, எங்களை எழுந்திருக்கச் சொல்லி, இருபத்தாறு ஸ்டூலையும் பின்பக்க ஷெட்டுக்குக் கொண்டுபோனார்கள். என்னுடையதைத் தூக்கும்போது பஞ்சாட்சரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுபடி நின்றேன். இரண்டு நாள் உட்கார்ந்து பழகிய கால் முன்னைவிட மோசமாக வலித்தது. கொடுக்காமலே இருந்திருக்கலாம். தம்பி மேல் கோபம், அவன் டூல் மேல் கோபம், முகம் தெரியாத எம்.பி. மேல் கோபம், ஒரு காகிதத்தை நம்பிய என் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

சாப்பாட்டுக்குப் பிறகு தொழிலாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுவது ஆடிட் வழக்கம். கேன்டீன் மூலையில் ஒரு மேசை, எதிரே ஒரு நாற்காலி. கம்பெனி ஆள் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மூன்றாவதாக என்னைக் கூப்பிட்டார்கள். செந்தில்குமார் கண்ணாடிக் கதவுக்கு வெளியே காவல்காரன் மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

உட்காருங்கள் என்றார் ஷஹீன் பானு. பரவாயில்லை மேடம் என்று நின்றேன். பழக்கம். அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தது யார் தெரியுமா என்று கேட்டார். பொய் சொல்லும் தெம்பு இல்லை. நான்தான் என்றேன். தம்பி, ஏஜென்ட், கவுன்டர் எல்லாம் சொன்னேன். போனைக் காட்டச் சொன்னார். அவரே தொழிற்சாலை, உட்காருதல் என்று இரண்டு வார்த்தை போட்டுத் தேடினார். பொருந்தும் மசோதா எதுவும் இல்லை, வேறு சொற்களில் தேடட்டுமா என்று அது பவ்யமாகக் கேட்டது. ஷஹீன் பானு சிரித்துவிட்டார்.

"நல்லாதான் பண்ணியிருக்காரு உங்க தம்பி. ஆனா இதுல இருக்கறதெல்லாம் வேணும்னு கேட்டதுங்கம்மா. ஏற்கெனவே குடுத்தது இதுல இருக்காது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. தன் பைலைத் திருப்பி என் பக்கம் வைத்தார். தொழிற்சாலைகள் சட்டம், 1948, நாற்பத்து நான்காவது பிரிவு. நின்று வேலை செய்கிறவர்களுக்கு, இடையில் ஓய்வு கிடைக்கிறபோது உட்கார வசதி செய்து கொடுக்கவேண்டும். எழுபத்தேழு வருஷமாக இருக்கிறது. காலையில் இதைத்தான் சொல்ல வந்தாராம், அதற்குள் உங்கள் எச்.ஆர். ஓடிவிட்டார் என்றார். செத்த மசோதாவுக்கு ஸ்டூல் வந்து, உயிரோடு இருக்கிற சட்டத்துக்கு ஸ்டூல் போன கம்பெனி எங்களுடையது.

அப்படியென்றால் இத்தனை வருஷம் ஏன் மேடம் யாரும் கேட்கவில்லை என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"வருஷா வருஷம் கேக்கறேனே" என்றார். "இந்த லிஸ்ட்ல அறுபத்தோராவது கேள்வி. போன வருஷம் இதே இடத்துல செக்கிங் பொண்ணு ஒருத்தவங்களக் கேட்டேன். இருக்குது மேடம், நல்லா சவுகரியமா இருக்குதுன்னாங்க."

அது நான்தான். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். ஆடிட்டுக்கு முந்தின நாள் செந்தில்குமார் எங்களை வரிசையாக நிறுத்தி ஒரு தாளைப் படிப்பார். குடிதண்ணீர் உண்டா? உண்டு. கழிப்பறை சுத்தமா? சுத்தம். உட்கார வசதி உண்டா? உண்டு. கேள்வி எது என்று காதில் வாங்காமலே பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு மாதிரி இருபத்தாறு பேரும் உண்டு உண்டு என்போம். நரம்பு புடைக்கும் வரை நின்றுகொண்டே உட்கார வசதி உண்டு என்று ஒன்பது வருஷம் சொன்னவள் நான். பார்லிமென்ட்டைத் தேடி எங்கும் போயிருக்கவேண்டாம். சட்டம் வருஷத்துக்கு ஒருமுறை ஆம்பூருக்கு வந்து, என் எதிரில் உட்கார்ந்து, என்னையே கேட்டுவிட்டுப் போயிருக்கிறது. வெட்கமாக இருந்தது. காலையில் செந்தில்குமார் மேல் வந்த கோபத்தைவிட இது பெரிசாக இருந்தது.

ஷஹீன் பானு பேனாவைத் திறந்தார். மற்றவர்களைக் கேட்கிற அதே குரலில், முன்பின் தெரியாதவர் மாதிரிக் கேட்டார்.

"அறுபத்தொண்ணு. உட்கார வசதி இருக்குதா?"

கண்ணாடிக்கு அப்பால் செந்தில்குமார் நின்று என்னைப் பார்த்தார். தலையை லேசாக மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். நான் எதிரே கிடந்த நாற்காலியை இழுத்தேன். உட்கார்ந்தேன். இடது காலை நீட்டிக்கொண்டேன்.

"இல்ல மேடம். காலையில இருந்துச்சு. பதினொண்ணரைக்கு எடுத்துட்டாங்க."

அவர் அதை அப்படியே எழுதினார். அடுத்தது குடிதண்ணீர் என்றார். அதுவும் கொஞ்சம் நீளமான கதை மேடம் என்றேன். சாதாரணமாக ஐந்து நிமிஷத்தில் முடிகிற பேச்சு அன்று ஒன்றேகால் மணி நேரம் நடந்தது. அதற்குள் செந்தில்குமார் கதவுக்கு வெளியே நான்கு தடவை குறுக்கே போனார். நான்காவது தடவை அவருக்குப் பின்னால் பஞ்சாட்சரம் செக்கிங் பக்கம் போனார், ஒரு கைக்கு ஒரு ஸ்டூலாக.